உச்சிப்புளியில் ஒரு பழைய ஜீப்: 2 லட்சத்தை எதில் போடுவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் உச்சிப்புளியில் வீடு. 1996 மாடல் மஹிந்திரா எம்எம் 540 ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் கியர் விழுகிறது, இன்ஜின் புகையில்லாமல் ஓடுகிறது. கையில் 2 லட்சம் இருக்கிறது. பெரிய டயர், பட்டையை (ஸ்பிரிங் பட்டையை) உயர்த்துவது, எல்இடி விளக்கு, முன்னால் ஒரு வின்ச் (புதைந்த வண்டியைக் கம்பி கட்டி இழுக்கும் சாமான்), இவற்றில் எதையெல்லாம் வீட்டிலேயே செய்யலாம், தனுஷ்கோடி அரிச்சல்முனை மணலில் ஓட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: டிரைவர் காலடியில் தகரம் கொஞ்சம் பொத்தல், மேட் போட்டு மூடியிருக்கிறது என்று. தம்பி, உங்கள் கேள்வியே அதுதான். டயரும் வின்ச்சும் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும்.

நான் மண்டபத்தில் படகு இன்ஜின் வேலையில் ஆரம்பித்தவன். தனுஷ்கோடிக்கு ரோடு இல்லாத காலத்தில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் தண்ணீரிலும் ஆட்களை ஏற்றிப் போன ஃபோர் வீல் வேன்களுக்கு அடியில் படுத்தே பல வருடம் போனது. 2017இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்ததும் அந்த வேலை குறைந்துவிட்டது. அந்த வேன்கள் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயின்டிங் என் தொழில் இல்லை. உங்கள் இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்து சொல்லவும் முடியாது. மற்றதை என் கண்ணால் பார்த்தபடி சொல்கிறேன்.

முதலில் உப்பைப் பற்றி. மழைக்காலத்தில் அடுப்படியில் கல்லுப்பு ஜாடி அடியில் தண்ணீர் கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் வாக்கில் போனால் சாப்பாட்டு உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துவிடும். நம் கரையில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்கும் நாள் அபூர்வம். அதனால் உங்கள் ஜீப் அடியில் படிந்த உப்பு, சித்திரை வெயிலிலும் முழுதாகக் காய்வதில்லை. நீங்கள் வண்டியை எடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கும் நாளிலும் துரு வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். உச்சிப்புளி பக்கம் நிலம் ஒடுங்கி, வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும் கிட்டத்தில் கிடக்கிறது. தென்மேற்கிலிருந்து கச்சான் அடித்தால் தென்கடல் சாரல், வடக்கிலிருந்து வாடை அடித்தால் வடகடல் சாரல். வருடம் முழுக்க ஏதோ ஒரு பக்கத்திலிருந்து உப்பு வந்துகொண்டுதான் இருக்கும். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கு ஆயுள் முழுக்க பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். 2025இல் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் சிறப்புப் பூச்சும் போட வேண்டி வந்தது. பாலத்துக்கே அந்தப் பாடு என்றால் ஜீப் தகரம் எந்த மூலைக்கு?

மேலே மழை படும் இடத்தில் உப்பு கழுவிப் போய்விடும். மழை படாத அடிப்பக்கத்தில்தான் தங்கும். அதனால் இந்தக் கரையில் வண்டி கீழேயிருந்து மேலே அழுகும். பானட் பளபளவென்று இருக்கும், சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், அப்பளமாக இருக்கும். விற்பவர் பானட்டைத்தான் காட்டுவார்.

"வாரம் ஒருமுறை கழுவுங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தத் தண்ணீரில் என்று ஒருவரும் சொல்வதில்லை. நம் ஊரில் பாதி போர் தண்ணீர் உப்பு. அதை மோட்டாரில் பிடித்து அடித்தால் உப்பின் மேல் உப்பு பூசுகிற வேலைதான். குடிதண்ணீரைக் குடம் கணக்கில் தள்ளுவண்டியில் கொண்டுவரும் ஊரில் ஜீப்பைக் குளிப்பாட்ட நல்ல தண்ணீர் கேட்டால் வீட்டில் திட்டுவார்கள், நியாயம்தான். நான் செய்வது இது: மிளகாய்க்கு மருந்தடிக்கும் 16 லிட்டர் கைத்தெளிப்பான் ஒன்று புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். களைக்கொல்லி அடித்த பழையது வேண்டாம். அதில் நல்ல தண்ணீர் நிரப்பி, குழலை நீட்டி, மட்கார்டு உள்பக்கம், பட்டைகளின் இடுக்கு, சேசிஸ் சட்டத்தின் ஓட்டைகள், டீசல் டேங்கின் மேல்பக்கம் என்று ஒவ்வொன்றாக அடியுங்கள். ஒரு டேங்க் தண்ணீரில் முழு அடிப்பக்கமும் முடியும். கடல் தண்ணீர் பட்ட நாளென்றால் இரண்டு டேங்க். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியில் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. இந்த ஒரு சாமானுக்குக் கொடுத்த காசு அளவுக்கு நான் வேறு எந்த உதிரி பாகத்துக்கும் கொடுத்துத் திருப்தி அடைந்ததில்லை.

நிறுத்தும் இடத்துக்கும் ஒரு வார்த்தை. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே ஈரம் வெந்துகொண்டிருக்கும். நாலு பக்கமும் காற்றோடும் பனையோலைக் கொட்டகை, கீழே சிமென்ட் தரை, அது போதும். ஆனால் கொட்டகைக்குள் மழையும் படாது, உப்பைக் கழுவ ஆளில்லை. அதனால் கழுவி, காயவிட்டு, பிறகு உள்ளே விடுங்கள்.

இனி அந்தப் பொத்தல். மேட்டைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, ஒரு அரைக்கிலோ சுத்தியும் பழைய ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். போகும் முன் ஒன்று: மணல் தரையில் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது. கனமான பலகை போட்டு, அதன் மேல் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்துவிட்டுப் படுங்கள். இப்போது சேசிஸை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு "டங்" என்று பதில் சொல்லும். அழுகியது "தொப்" என்று அடங்கும், கூடவே உள்ளே துருச் செதில் சலசலவென்று உதிரும். தொப் என்ற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்துங்கள், உள்ளே போனால் கதை முடிந்தது. முக்கியமாகப் பார்க்க வேண்டியது பின் பட்டையின் முனையைச் சேசிஸில் தாங்கும் இரும்புப் பிடியான சாக்கிள் பிராக்கெட், அது சேசிஸோடு சேரும் மூலை, பின் குறுக்குச் சட்டம், பாடி உட்காரும் ரப்பர்களின் அடி, பேட்டரித் தட்டு. தரைத் தகரம் பொத்தலானால் புதுத் தகரம் வெட்டி வைத்துவிடலாம். சாக்கிள் பிராக்கெட் போனால் ஓடுகிற ஓட்டத்தில் பின் ஆக்ஸில் கோணிக்கொள்ளும்.

சேசிஸ் வெல்டிங்கை வீட்டில் கற்றுக்கொள்ள வேண்டாம். மண்டபத்திலும் பாம்பனிலும் படகு வேலை பார்க்கும் நல்ல வெல்டர்கள் இருக்கிறார்கள். துரு பிடித்ததை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, நல்ல இரும்பு தெரிகிற வரை போய், அங்கிருந்து பிளேட் வைக்கச் சொல்லுங்கள். துருவின் மேல் பிளேட் வைத்து மூடினால் அடுத்த வருடம் பிளேட் மட்டும் மிஞ்சும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயர் இரண்டையும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் டயோடு போய்விடும். டீசல் டேங்கும் பிரேக் குழாயும் பக்கத்தில் இருந்தால் கழற்றிவிட்டுத்தான் தீ வைக்க வேண்டும்.

நம் ஊரில் ஒரு யோசனை தவறாமல் வரும்: "வள்ளத்துக்குப் போடுவதுபோல ஃபைபர் மேட்டும் ரெசினும் போட்டு அடித்துவிடு, சாகாது." ஃபைபர் வள்ளம் சாகாதது உண்மை, அதில் இரும்பு இல்லை. தகரத்தின் மேல் ரெசின் போட்டால் வண்டியின் அதிர்வில் ஓரம் பிரியும். பிரிந்த சந்துக்குள் உப்புத் தண்ணீர் ஏறி, மேலே கல்லுமாதிரி தெரியும், அடியில் தகரம் மாவாகிவிடும். இதை மூன்று வண்டியில் பிய்த்துப் பார்த்திருக்கிறேன். படகின் அடியில் துத்தநாகக் கட்டி வைப்பதைப் பார்த்துவிட்டு சேசிஸில் அதை போல்ட் பண்ணியவரும் உண்டு. தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் அது இரும்புக்குப் பதிலாகத் தன்னைக் கொடுக்கும். காற்றில் ஓடும் வண்டிக்கு அது வெறும் பாரம்.

நிச்சயமாகப் பலன் தருவது வரிசையாகச் செய்யும் பூச்சு. கம்பி பிரஷில் துருவைச் சுரண்டி, பெயின்ட் அடிக்கும் முன் நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவ வேண்டும். துருக் குழிக்குள் உப்பு தங்கிவிட்டால் மேலே என்ன பூசினாலும் கொப்புளம் கிளம்பும், இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நன்றாகக் காய்ந்ததும் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி, பிறகு எபாக்ஸி பிரைமர், அதன் மேல் பெயின்ட். வெறும் ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து விடாதீர்கள். அடிக்கும் நேரம் காலை 10 மணிக்கு மேல், பனி போன பிறகு. எனக்குப் பிடித்த காலம் மாசி. மழை கழுவிவிட்டுப் போயிருக்கும், கச்சானும் இன்னும் கிளம்பியிருக்காது.

சேசிஸ் சட்டத்தின் உட்புறத்துக்கு பிரஷ் போகாது. அங்கே மெழுகு கலந்த துருத்தடுப்பு திரவத்தைக் குழாய் விட்டு அடிக்கலாம். பழைய இன்ஜின் ஆயில் அடிப்பது பற்றி இரண்டு கட்சி உண்டு. அடித்த வண்டி அடிக்காததைவிட நன்றாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன், ரப்பர் புஷ் எல்லாம் ஊறி உப்பிப் போனதையும் பார்த்திருக்கிறேன். வெளிப்புறத்தில் அது மணலைப் பிடித்துக்கொண்டு ஈரத்தைச் சேர்த்து வைக்கும். என்னைக் கேட்டால் உட்புறத்துக்குப் புது ஆயில், வெளிப்புறத்துக்கு எதுவும் வேண்டாம். அந்தக் காலத்து மர வள்ளத்துக்குப் பூசியதுபோல மீன் எண்ணெய் அடித்துப் பார்த்தார் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். துரு நின்றதோ இல்லையோ, தெருப் பூனை அத்தனையும் ஜீப்புக்கு அடியில் குடித்தனம் வந்தது.

அடுத்தது பிரேக். இதில் என் சொந்தக் கதை ஒன்று. என்னிடம் ஒரு பழைய சிஜே 3பி ஜீப் இருந்தது. பாம்பன் ரோட்டுப் பாலத்தின் உச்சியைத் தாண்டி ராமேஸ்வரம் பக்கம் இறங்கும்போது பெடலை மிதித்தேன், கால் நேரே தகரத்துக்குப் போனது. முன்னால் ஒரு டூரிஸ்ட் பஸ். அந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் தனி டிரம். எண்ணெய் போனாலும் அது பிடிக்கும். கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பஸ்ஸுக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். பிறகு பார்த்தால் பின் ஆக்ஸிலுக்குப் போகும் இரும்புக் குழாய், சேசிஸோடு பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில், ஊசி நுழையும் ஓட்டையாக வெடித்திருந்தது. கிளிப்பின் இரண்டு பக்கமும் குழாய் புதிதுபோல இருந்தது, மூன்று மாதத்துக்கு முன் நானே பெயின்ட் அடித்தது. கிளிப்பைக் கழற்றாமல் அடித்திருந்தேன்.

அதனால் உங்கள் 2 லட்சத்தில் முதல் செலவு: பிரேக் குழாய் அத்தனையும் புதிதாக, கிடைத்தால் செம்பு-நிக்கல் கலவைக் குழாய். வெறும் செம்புக் குழாயை ஏசிக் கடையில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், அது அதிர்வில் விரிசல் விடும். ரப்பர் ஹோஸ் அத்தனையும், நாலு சக்கரத்துக்கும் வீல் சிலிண்டர் கிட். பெடல் மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைத் திறந்து பாருங்கள். எண்ணெய்க்கு ஒரே அறை என்றால், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் போகும் இரட்டைச் சிலிண்டருக்கு மாற்றுவது நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய அப்கிரேடு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். இந்தக் கரையில் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். வீட்டில் பெடல் மிதிக்கத் தங்கச்சியோ தம்பியோ ஒருவர் இருந்தால் பிரேக் குழாயிலிருந்து காற்று எடுப்பது வரை நீங்களே முடித்துவிடலாம். முடித்த பிறகு ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு ரோட்டில் ஏறுங்கள்.

ஆக்ஸிலில் ஒரு மலிவான வேலை இருக்கிறது. ஓடிச் சூடான ஆக்ஸில் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சுருங்கும்போது வெளியிலிருந்து இழுக்கும். சீல் வழியாக வருவது உப்புத் தண்ணீர். ஆக்ஸிலின் மேல் ஒரு சின்ன மூச்சுக்குழல் இருக்கிறது. அதற்கு ஒரு ரப்பர் டியூப் மாட்டி, சேசிஸோடு கட்டி, மட்கார்டு உயரத்துக்கு மேலே கொண்டுபோய் விடுங்கள். சில நூறு ரூபாய்கூட ஆகாது. ஏற்கெனவே தண்ணீர் போயிருக்கிறதா என்று அறிய, அடி போல்ட்டைத் தளர்த்தி நாலு சொட்டு ஆயில் விரலில் பிடியுங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். கியர் பெட்டியில் பித்தளை சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) இருந்தால் அதற்கு ஜிஎல் 4 தர கியர் ஆயில், ஆக்ஸிலுக்கு ஜிஎல் 5 தரம். முன் சக்கரங்களை முழுதாகத் திருப்பி வைத்தால் தெரியும் வழுவழுப்பான இரும்புப் பந்தைத் துடைத்து விரலால் தடவுங்கள். குழி குழியாக இருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் கிரீஸ் வெளியேறிக்கொண்டேதான் இருக்கும்.

ஒயரிங் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்இடி வாங்கும் முன் எர்த் ஒயர்களைப் பாருங்கள்: பேட்டரியிலிருந்து சேசிஸ், இன்ஜினிலிருந்து சேசிஸ், பாடியிலிருந்து சேசிஸ். முனைகளில் பச்சை பூத்திருக்கும். அவற்றை மாற்றி, ஹெட்லைட்டுக்கு ரிலேயும் ஃபியூஸும் போடுங்கள். பிறகு விளக்கு எரியும்போது பேட்டரியில் மல்டிமீட்டர் காட்டுவதற்கும் பல்பு முனையில் காட்டுவதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இதை முடித்ததும் பழைய பல்பே போதும் என்பீர்கள். ஒயர் வாங்கினால் படகுக்கு விற்கும் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் வாங்குங்கள்.

டயரைப் பெரிதாக்கினால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக் தூரம் கூடும், இந்த இன்ஜினின் இழுவையும் செத்துவிடும். அதே அளவில் நல்ல பிளை (உள் அடுக்கு) உள்ள டயர் போதும். நம் ஊரில் டயருக்கு எமன் சீமைக்கருவேல முள். அது குத்தி உடைந்து உள்ளேயே நிற்கும். பஞ்சர் ஒட்டும்போது டயரின் உட்புறம் முழுக்கப் பழைய பருத்தித் துணியால் ஒரு சுற்று துடைக்கச் சொல்லுங்கள், துணி மாட்டும் இடத்தில் முள் இருக்கும். கையால் தடவிப் பார்க்காதீர்கள். பட்டையை உயர்த்துவதும் இப்போது வேண்டாம். இருக்கும் பட்டைகளைப் பிரித்து, துரு எடுத்து, புஷ்ஷும் சாக்கிள் பின்னும் மாற்றினாலே வண்டி ஒரு விரல்கடை எழுந்து நிற்கும்.

சட்டத்தையும் மனதில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்சியில் இருக்கும் விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இன்ஜின் மாற்றுவதென்றால் ஆர்டிஓ அனுமதி முன்கூட்டியே வேண்டும். முன்னால் இரும்புக் கம்பிக் கூண்டு வைப்பதற்கு 2017இலிருந்தே தடை. 1996 வண்டிக்கு முதல் 15 வருடம் 2011இல் முடிந்திருக்கும், அதற்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல், அந்தக் கணக்கில் 2026இல் ஒன்று வரும். ஆர்சியில் தேதியைப் பாருங்கள். தகுதிச் சான்றுக்கு (எஃப்சி) போகும் நாளில் சேசிஸைத்தான் பார்ப்பார்கள்.

கடைசியாக அரிச்சல்முனை. ரோட்டை விட்டு எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் கடல் தேசியப் பூங்கா 1986இலிருந்து இருக்கிறது, தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கு 2025இல் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள், தை, மாசி மாதங்களில் ‘பங்குனி ஆமை’ என்ற கடலாமை முட்டையிட ஏறும் மணலும் அதுதான். எந்த மணலில் இறங்கலாம் என்று வனத்துறையில் கேட்டுவிட்டு இறங்குங்கள். இறங்கும் இடத்தில், தார் ரோட்டில் 28 பிஎஸ்ஐ இருக்கும் டயர் காற்றை 18க்குக் குறைத்துவிடுங்கள். டியூப் டயரில் அதற்கும் கீழே போனால் டயர் ரிம்மில் நழுவி வால்வைப் பிய்த்துவிடும். ஃபோர் வீலை மணலுக்கு முன்பே போடுங்கள், தார் ஏறியதும் எடுத்துவிடுங்கள். இந்த வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் வேக வித்தியாசத்தை அனுமதிக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது, கெட்டித் தரையில் முறுக்கிக்கொள்ளும். நிறுத்தும்போது பிரேக் அடிக்காமல் தானாக நிற்கவிடுங்கள். புதைந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இறங்கிவிடுங்கள்.

வின்ச்சைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன் என்று நினைக்க வேண்டாம். வின்ச் இழுக்க எதிரே ஒரு மரம் வேண்டும். அரிச்சல்முனை மணலில் கொக்கியை எதில் மாட்டுவீர்கள்? தனுஷ்கோடிக்குப் போன அந்த வேன்களில் பின் சீட்டுக்கு அடியில் ஒரு மண்வெட்டியும், நாலு காய்ந்த பனை மட்டையும், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகையும்தான் இருக்கும். நீங்களும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். சுத்தியால் தட்டிப் பார்த்துவிட்டு எந்த இடத்தில் தொப் என்றது என்று எழுதுங்கள், முடிந்தால் பின் சாக்கிள் பிராக்கெட்டை விளக்கு அடித்து ஒரு போட்டோ போடுங்கள்.